எலி

முதலில் கேட்டது என் வீட்டுக்காரர்தான்.
"சமையக்கட்டுல எலி பூந்திருச்சாட்ட இருக்குது துளசி,
ராத்திரி பூரா எதையோ கொறிக்குது."

மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
மரப்பொறி ஒன்று வாங்கிவந்தார்,
நூற்றிருபது ரூபாய்.
தேங்காய்ச் சில்லைத் தீயில் வாட்டிக்
கொக்கியில் மாட்டி
அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தோம்.
வரவில்லை.
கருவாடு வைத்தோம். அதற்கும் வரவில்லை.
சத்தம் மட்டும் தவறாமல் வந்தது,
இரண்டு மணிக்கு மேல்,
அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி.

எனக்குத்தான் கேட்கவே இல்லை.
"நீ குடுத்து வெச்சவ, நல்லாத் தூங்கற" என்றார்.

அந்த மாதம்
நாற்பதாயிரம் டி-ஷர்ட்டு, எல்லாம் ஒரே நீலம்.
சாயப்பட்டறை அனுப்பிய நீலமும்
பையர் கேட்ட நீலமும்
டியூப்லைட்டில் ஒன்று, வெயிலில் வேறு.
மெயில் வந்து விழும் சின்ன மணிக்கு
உள்ளங்கை வேர்க்கும், நாக்கு காயும்,
வயிறு வேலைநிறுத்தம் செய்யும்.
மத்தியானம் தின்ற அரிசிம்பருப்பு
பொழுது சாயும்வரை
நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

உடுமலைப் பக்கம் ஒருமுறை ரேக்ளா பார்த்தேன்.
பூட்டிய காளைகள் கொடிக்குக் காத்து நிற்கையில்
தோல் சிலிர்க்கும், மூக்கு விடைக்கும்,
குளம்பு மண்ணைப் பறிக்கும்.
கொடி விழுந்தால்
அத்தனையையும் ஓடித் தீர்த்துவிட்டுத்
தொட்டித் தண்ணீரில் மூஞ்சியை வைத்து
மறந்துவிடும்.

என் உடம்பு காலை ஒன்பதரைக்கே
பூட்டிக்கொண்டு நிற்கிறது.
கொடிதான் விழுவதில்லை.
நாற்காலி, கீபோர்டு, "அன்புள்ள ஐயா".
எங்கேயோ ஓடுவதற்கென்று திரண்ட ரத்தம்
மேசைக்கடியில் என் தொடைகளில்
சும்மா நிற்கிறது
ராத்திரி எட்டுவரை.

கம்பெனி மருத்துவ முகாமில்
பட்டையை இறுக்கிய நர்ஸ் "நூத்தி அம்பதுங்க" என்றாள்.
படியேறி வந்தேன் என்றேன்.
அந்தக் கட்டடத்தில் படியே கிடையாது.

சீப்பில் கொத்தாக முடி.
நாள் தள்ளிப்போய், மெடிக்கலில் கிட் வாங்கி,
கக்கூசில் நின்று ஒற்றைக் கோட்டைப் பார்த்தேன்.
பிள்ளையுமில்லை, மாதமுமில்லை.
உடம்பு இந்த நேரத்தில்
அந்தக் கணக்கை ஒத்திவைத்திருந்தது.

அப்புறம் ஒரு புதன்கிழமை
தோசையோடு சேர்ந்து
கடவாய்ப் பல்லில் ஒரு துண்டு வந்தது.

பல்லடம் ரோட்டில் டாக்டர் நளாயினி
கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினாள்.
"மேடு பள்ளமே இல்லீங்க, தேச்சு வெச்சிருக்கீங்க.
தூக்கத்துல யாரைங்க மெல்றீங்க?"
சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே பேர்களை எண்ணினேன்.
பையர், சாயப்பட்டறைக்காரர், முதலாளி,
முதலாளியின் மச்சினன்.
ஐந்தாவதாக என் மகன் நின்றான்,
கையில் காலேஜ் பீஸ் சீட்டோடு.
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நொய்யல் பாலம் தாண்டும்வரை
வண்டியில் அவர் பேசவில்லை.
பிறகு, திரும்பாமலே கேட்டார்:
"அப்ப எலி இல்லியா?"

வியாழன் இரவு கன்டெய்னர்
தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது.
வெள்ளி தாங்கினேன், சனி தாங்கினேன்.
ஞாயிறு காலை நூற்றிரண்டு காய்ச்சல்.
இத்தனை நாளும் வரிசையில் நின்று
லீவு நாள் பார்த்து வந்திருக்கிறது,
பொறுப்பான காய்ச்சல்.

இப்போது தூங்கும்போது
பல்லுக்கு ஒரு கண்ணாடி உறை.
மூன்றாம் மாதமே அதிலும் தடம் விழுந்திருக்கிறது.
இடையில் நீலம் போய்ச் சிவப்பு வந்திருக்கிறது,
அறுபதாயிரம்.

நேற்று அரிசிப் பானையை நகர்த்தியபோது
பொறி அப்படியே இருந்தது,
சில்லை எறும்பு தின்று தீர்த்து
வாயைத் திறந்தபடி.
கரண்டிக் காம்பால் கொக்கியைத் தட்டினேன்.
படாரென்று விழுந்த சத்தத்தில்
என் தாடையும்
தானாகச் சாத்திக்கொண்டது.